ராத்திரிக்கு வண்டி எங்க நிக்கும்?

நாமக்கல்லில் 'வண்டி' என்று சொன்னால் யாரும் காரை நினைக்க மாட்டார்கள். லாரிதான். "வண்டி வந்துருச்சா?" என்றால் வடக்கே போன லாரி திரும்பிவிட்டதா என்று அர்த்தம். "வண்டி கட்டிட்டு இருக்கோம்" என்றால் ஓசூரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ எலும்புக்கூடாக வந்த சேசிஸ் ஒன்று ஏதோ பட்டறையில் நிற்கிறது, அதற்கு மரமும் தகரமும் அடித்துப் பாடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சின்ன வயதில் அந்த மொட்டை சேசிஸ்கள் ரோட்டில் வருவதைப் பார்த்திருக்கிறேன். கதவு கிடையாது, கூரை கிடையாது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பலகை மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருவார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மனிதர் காற்றில் மிதந்து வருவதுபோல இருக்கும்.

அதே வண்டி பட்டறையை விட்டு வெளியே வரும்போது ஆளே மாறியிருக்கும். சீட்டுக்குப் பின்னால் ஒருவர் படுக்கிற அளவுக்குப் பலகை. சாமி படத்துக்கு ஒரு மாடம். வெளியே பக்கவாட்டில் ஸ்டவ், அரிசி, பருப்பு வைக்கிற டூல் பாக்ஸ். நெற்றியில் பெயிண்டர் வரைந்த தாமரை, இரண்டு அன்னப்பறவை. நேராக ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு லைனுக்குக் கிளம்பிவிடும். பதினெட்டு அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல் வெட்டவெளியில் நிற்பவர். "அவரும் நம்மாளுதான், ஊடு கிடையாது" என்று அப்பா சொல்வார். அப்பா 31 வருஷம் லாரி ஓட்டினார்.

நான் சாஃப்ட்வேர். பெங்களூர் கம்பெனி, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் டீமில் துலூஸ் நகரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் மீட்டிங் தொடங்குமுன் தன் அம்மாவின் போட்டோவைக் காட்டினார். அறுபத்தேழு வயது, ரிட்டயர்ட் டீச்சர். ஒரு வெள்ளை மோட்டார்ஹோமின் படியில் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் திராட்சைத் தோட்டம். வருஷத்தில் மூன்று மாதம் தெற்கு பிரான்ஸின் கிராமங்களில் இப்படியே சுற்றுவாராம். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை.

எனக்குக் கட்டில், அடுப்பெல்லாம் ஆச்சரியமாக இல்லை. எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான பேருக்கு அது இருந்தது. தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா பயப்படாமல் கேமராவைப் பார்க்கிறாரே, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு வாரம் ராத்திரியெல்லாம் அதையே தேடிப் படித்தேன். அங்கே பல கிராமங்களில் ஊராட்சியே மோட்டார்ஹோம்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கி வைக்கிறது. 'ஏர்' என்று சொல்கிறார்கள். நல்ல தண்ணிக் குழாய், அழுக்குத் தண்ணி விட ஒரு தொட்டி, கழிவறைப் பெட்டியைக் கொட்டிக் கழுவ ஒரு குழி. அவ்வளவுதான். 1993லிருந்து 'பிரான்ஸ் பாசியோன்' என்று ஒரு ஏற்பாடும் இருக்கிறது. திராட்சை விவசாயிகள், ஆடு வளர்ப்பவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு நாள் இலவசமாக வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். வண்டிக்குள்ளேயே கழிவறை இருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. எதையும் வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

அதே பிரான்ஸில் 2014ல் இன்னொரு சட்டம் வந்தது. லாரி டிரைவர்கள் தங்கள் வார ஓய்வை, அதாவது முழுசாக 45 மணி நேரத்தை, கேபினுக்குள் கழிக்கக் கூடாது. கழிக்கும்படி வேலையை அமைக்கிற முதலாளிக்கு ஓராண்டு வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம். 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் வார ஓய்வை வண்டிக்குள் எடுக்கக் கூடாதென்று தீர்ப்புச் சொன்னது. ஆக, ரிட்டயர்ட் டீச்சர் வண்டியில் தூங்கினால் விடுமுறை. டிரைவரைத் தூங்க வைத்தால் குற்றம். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ரோட்டில். எனக்கு இரண்டுமே சரியென்று பட்டது.

நம் ஊரில் 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் அது. நாமக்கல்லில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கிற ஓனர்கள் எத்தனை பேர்! அப்பாவின் ஓனரிடம் இருந்தது ஒரே வண்டி. அப்பா, ஒரு கிளீனர். சட்டம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

'வடக்கே போயிருக்காரு' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். நாக்பூரா, இந்தூரா, டெல்லியா, எல்லாம் வடக்குதான். இருபது நாள், சில சமயம் நாற்பது நாள். ரிட்டன் லோடு கிடைக்காவிட்டால் வண்டி நிற்கிற ஊரிலேயே அப்பாவும் நிற்பார். வீட்டுக்கு வந்தால் நாலு நாள். அதிலும் முதல் நாள் முழுக்கத் தூக்கம். கட்டிலில் படுக்க மாட்டார், திண்ணையில், காலை மடக்கி, ஒருக்களித்து, கேபின் பலகையின் அகலத்துக்குள்.

அண்ணன் பத்தாவது எழுதிவிட்டு லீவில் அப்பாவோடு நாக்பூர் போனான். நான் எழுதியபோது கேட்டேன். "பொட்டப்புள்ள லாரில எப்படிப் போகும்" என்று அம்மாயி சொன்னது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இருபது வருஷம் இருந்தது.

ஆகவே போன வருஷம் ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினேன். தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துகிற அதே வண்டி. வில்லன் ஆட்கள் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே இழுத்துப் போடுவார்களே, அதே கதவு. தோழிகள் எல்லாரும் இந்த ஒரே ஜோக்கைத்தான் சொன்னார்கள். "உன்னை நீயே கடத்திக்கப் போறியா?" எனக்கும் பிடித்திருந்தது.

வண்டியை வீடாக மாற்றுவது இங்கே லேசுப்பட்ட காரியமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இரண்டும் சொல்வது இதுதான்: கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. நான் எதையும் கழற்றவில்லை, வெட்டவில்லை. பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்க்கும் ஆசாரி ஒருவர், பின்சீட்டை மடித்தால் அதன் மேல் உட்காருகிற மாதிரி மூன்று துண்டாகப் பலகைக் கட்டில் செய்து கொடுத்தார். தூக்கி வெளியே வைத்தால் சாமான், உள்ளே போட்டால் படுக்கை. லாரி கேபினுக்குப் பலகை போட்டே கை பழகினவர். இப்போது கம்பெனி கேபினோடு வருகிற வண்டிகள்தான் அதிகம், பட்டறைக்குப் பின்பக்க வேலைதான் மிச்சம் என்று குறைப்பட்டுக்கொண்டார். அளவெடுக்கும்போது, "ஆருங் படுக்கறது?" என்றார். "நான்தானுங்க." கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்தார். அப்புறம் கேட்காமலேயே பக்கக் கதவுக்கு உட்பக்கமாக ஒரு கொக்கியும் சங்கிலியும் கொண்டுவந்து வைத்தார். "இதுக்குக் காசு வேண்டாமுங்க" என்றார்.

தை மாசக் கடைசியில் கிளம்பினேன். ஒன்பது நாள். பிரான்ஸ் போக விசா வேண்டும், பணம் வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளிக்குப் பெட்ரோல் போதும். எல்லாம் தெரிந்த ஊர்கள்தான். ஆனால் பஸ்ஸிலிருந்து பார்த்த ஊரும், ராத்திரி தங்கின ஊரும் ஒன்றில்லை.

மோகனூரில் சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஊரே மொலாசஸ் வாசம், முதல் அரை மணி நேரம் இனிக்கும், பிறகு தலை வலிக்கும். காவிரி மணலுக்குள் ஒடுங்கி ஓடியது. அன்றைக்குப் பொழுதோட வேலூர் தாண்டி, 44ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். பரமத்தி வேலூரைத்தான் சொல்கிறேன். ஸ்ரீநகரில் கிளம்பி 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரி போகிற அதே ரோடு, எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அப்பாவின் ரோடு.

ஏழு மணிக்கு அவர் போன் வந்தது. "ராத்திரிக்கு வண்டி எங்க நிக்கும்?"

சொன்னேன்.

"லைட்டுக்கு அடியில நிறுத்து. மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கோணும். ரிவர்ஸ் எடுக்கற மாதிரி எப்பவும் நிறுத்தாத. சாவி ஸ்டியரிங்லயே இருக்கட்டும். பக்கத்துல லோடு வண்டி நின்னா நல்லது, காலி வண்டி வேண்டாம்."

"காலி வண்டி ஏனுங்கப்பா?"

"லோடு இருந்தா அவனுக்கும் பயம் இருக்கும் கண்ணு. ரெண்டு பேரும் முழிச்சிருப்பீங்க."

பங்க்கில் பெண்களுக்கென்று கழிவறை இருந்தது. புடவை கட்டின பெண் படம் கூட வரைந்திருந்தது. பூட்டு. சாவி கேட்டேன். வேலை பார்த்த பையன் சங்கடமாகச் சிரித்தான். "லேடீஸ் யாரும் வர்றதில்லீங்க்கா. ஆயில் டப்பா போட்டு வெச்சிருக்கோம்." நல்ல பையன். டப்பாக்களை எடுத்து வெளியே அடுக்கி, ஒரு பக்கெட் தண்ணி ஊற்றிக் கொடுத்தான். காலையில் நான் கிளம்பும்போது டப்பாக்கள் மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அந்தப் பிரெஞ்சு ஏற்பாடுகள் எல்லாம் எதற்காக என்று எனக்கு அந்தப் பங்க்கில்தான் புரிந்தது. தண்ணி, தொட்டி, குழி. படுக்கிறதைப் பற்றி அவர்கள் கவலையே படவில்லை. படுக்கை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மிச்சம்தான் கஷ்டம்.

இரண்டாம் நாள் ஜேடர்பாளையம். காவிரியில் தடுப்பணை, அதிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. அதை வெட்டிய அல்லாள இளைய நாயக்கருக்கு அங்கே மணிமண்டபம். அணைக்குப் பக்கத்திலேயே வரிசையாக மீன் வறுக்கிற கடைகள். மிளகாய் தடவின ஜிலேபி மீனை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு தடவை வாங்கித் தின்றேன். தனியாகச் சாப்பிடும் பெண்ணைப் பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். மீன் நன்றாக இருந்தால் அது உறைக்காது.

அங்கிருந்து பிலிக்கல்பாளையம் போகிற பக்கம் முழுக்கக் கரும்பு, வாழை, வெற்றிலைக்கொடி. பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலச் சந்தை இருப்பதால் வழியெல்லாம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். சாறு பிழிந்த சக்கையையே அடுப்புக்கு எரிக்கிறார்கள். ஒரு கொட்டகையில் நிறுத்திக் கேட்டேன். "ஏனுங்க, ராத்திரி ஓரமா வண்டிய நிறுத்திக்கலாமுங்களா?"

கொப்பரைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருவர், "அதுக்கென்ன கண்ணு, நிறுத்திக்க. வண்டில எதுக்குப் படுக்கோணும், உள்ள வந்து படு" என்றார். பாகு கிண்டின கட்டையில் ஒட்டியிருந்ததை வழித்து ஒரு இலையில் வைத்து நீட்டினார். இது நம்ம ஊர் பிரான்ஸ் பாசியோன் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். ஒரு ஐந்து நிமிஷம்.

பிறகு கேள்விகள் வந்தன. எந்த ஊரு, ஆரு மவ, கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலை. கடைசியாக, மெதுவாக: "நீங்க எந்த ஆளுங்க?"

"லாரி டிரைவர் மவளுங்க."

"அது சரி..." என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பதில், சொல்லாவிட்டால் அதுவே ஒரு பதில். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள ஒரே புழுக்கமா இருக்குது, நீ வண்டிலயே படுத்துக்க. அந்தக் கிளுவை வேலியோரம் நிறுத்திக்க கண்ணு" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தண்ணி கேட்டபோது ஒரு சில்வர் டம்ளர் தனியாக வந்தது. எல்லாருக்கும் அப்படித்தானோ என்னவோ. இன்றைக்கு வரைக்கும் அந்த டம்ளரைப் பற்றி என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. காலையில் அரை கிலோ வெல்லம் கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வெல்லம் அருமையான வெல்லம்.

திராட்சைத் தோட்டத்துக்காரர் அந்த டீச்சரிடம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டின ஸ்டிக்கரைத் தவிர வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. எனக்கு அந்த ஸ்டிக்கர் மேல் பொறாமையாக இருந்தது.

திருச்செங்கோட்டில் மலை ஏறி அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்துவிட்டு, போர் போடும் ரிக் வண்டிகள் நிற்கிற யார்டு ஒன்றுக்குப் போனேன். இந்த ஊர் ரிக்குகள் இந்தியா முழுக்க ஓடுகின்றன, ஆப்பிரிக்காவிலும் ஓடுகின்றன. ரிக் எப்போதும் ஜோடியாகத்தான் கிளம்பும். ஒன்று துளை போடுகிற வண்டி, இன்னொன்று ராடுகளும் பைப்புகளும் ஏற்றின சப்போர்ட் லாரி. அழுத்தின காற்றால் பாறையை இடித்து ஆறரை இஞ்ச் துளை போடுவார்கள். வெள்ளைப் புழுதி எழும்பி, அரை மணி நேரத்தில் வேலையாட்கள் எல்லாருக்கும் ஒரே முகமாகிவிடும்.

அந்த இரண்டாவது லாரிதான் வீடு. கேஸ் சிலிண்டர், குக்கர், கம்பியில் தொங்கும் கண்ணாடி, அரிசி மூட்டை. முன்பெல்லாம் நம்மூர் ஆட்கள் போனார்கள். இப்போது பெரும்பாலும் வடமாநிலத்துப் பையன்கள். சத்தீஸ்கர்காரன் ஒருவன், இருபது வயதிருக்கும், என் ஓட்டை ஹிந்திக்கு இரக்கப்பட்டுத் தமிழில் பேசினான். பைப் அடுக்கின் மேல் தார்ப்பாய் விரித்து அவன் படுக்கிற இடத்தைக் காட்டினான். நான் என் ஆம்னியைக் காட்டினேன். பலகைக் கட்டிலைத் தட்டிப் பார்த்து, சங்கிலியை இழுத்துப் பார்த்து, "நல்லா இருக்கு அக்கா. உங்க ஆளுங்க எங்க?" என்றான். தனியாக என்றேன். "என்ன வேலை?" வேலை இல்லை, சும்மா என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வேலையில்லாமல் யாராவது வண்டியில் தூங்குவார்களா? என்னிடமும் பதில் இல்லை.

சங்ககிரி, மேட்டூர் எல்லாம் வேகமாக முடிந்தது. தீரன் சின்னமலையை 1805ல் தூக்கில் போட்ட கோட்டைக்கு அடியில்தான் இன்றைக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேட்டூரில் 1934ல் கட்டி முடித்த அணை. போட்டோ எடுத்தேன், கிளம்பினேன்.

ஆறாவது ராத்திரி ஓமலூருக்கு முன்னால் ஒரு ஏரிக்கரை. அழகான இடம். பங்க் எதுவும் பக்கத்தில் இல்லை. ஒன்றரை மணி வாக்கில் டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் பட்டது. இரண்டு பேர். ஒருவர் பக்கக் கதவை இழுத்துப் பார்த்தார். ஆசாரியின் சங்கிலி கிணுங்கென்று இழுபட்டு நின்றது. "உள்ள யாரோ இருக்காங்க" என்று ஒரு குரல். தட்டினார்கள். நான் பேசவில்லை. பலகையிலிருந்து முன்சீட்டுக்குத் தாவி, சாவியைத் திருப்பி, ஹாரனை அழுத்தியபடியே வண்டியை எடுத்தேன். மூஞ்சி ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. டோல்கேட் வரை நிறுத்தவில்லை. அங்கே டீக்கடை வெளிச்சத்தில் விடியும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஏரிக்குக் காவல்காரர்களாக இருக்கலாம், மீன் ஏலம் எடுத்தவர்களாக இருக்கலாம். தெரியாது. தெரிந்துகொள்ள இறங்கிக் கேட்டிருக்க முடியுமா? ஒரு ஆணாக இருந்திருந்தால், "யாருங்க?" என்று ஒரு குரல் கொடுத்திருப்பேன். விஷயம் அவ்வளவில் முடிந்திருக்கும்.

மறுநாள் ஏழு மணிக்குப் போன். "நேத்து ராத்திரி எங்க நின்னுது?"

"நல்ல எடத்துலதானுங்கப்பா."

அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லை. பின்னாலிருந்து அம்மா போனை வாங்கினார். "இதே பதிலத்தான் உங்கப்பனும் சொல்லுவாரு" என்றார். புக்கிங் ஆபீஸ் போனுக்காக அம்மா காத்திருந்த காலம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. வண்டி எங்க நிக்குது என்று அம்மா கேட்பார். நல்ல எடத்துல என்பார் அப்பா. 1998ல் ஒரு ராத்திரி அடிலாபாத் பக்கம் டீசல் திருட வந்தவர்கள் கேபினிலிருந்து அப்பாவை இழுத்துப்போட்டு அடித்திருக்கிறார்கள். இடது காது அதிலிருந்துதான் சரியாகக் கேட்காது. வீட்டில் ஜன்னி, காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார். பத்து வருஷம் கழித்து, கிளீனராக இருந்தவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அம்மாவுக்கே தெரியும். எனக்கு அன்றைக்கு, அந்தப் போனில்தான் தெரியும்.

ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வழியாக, கொல்லிமலையை ஓரத்தில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். களங்களில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார். உள்ளே ஏறி, என் பலகையில் ஒருக்களித்துப் படுத்தார். காலை மடக்கிக்கொண்டதும் சரியாக அடங்கினார். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமென்று செய்தியில் சொன்னதைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஏசி போட்டுக் கண்ணாடிய ஏத்திட்டா, வெளிய யாரு வர்றான்னு எப்படிக் கேக்கும்?" என்றார்.

அப்போதுதான் அந்தப் பழைய விஷயத்தைக் கேட்டேன். அண்ணனைக் கூட்டிப் போனீர்கள், என்னை ஏன் கூட்டிப் போகவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "நாக்பூர் போக நாலு நாள் கண்ணு. நாங்க எங்க வேணாலும் ஒதுங்குவோம். உன்னைய எங்க எறக்கி விடறது? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரு எடம் தெரியலை." இருபது வருஷக் கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆடியில் நாக்பூர் வரை போவதாக இருக்கிறேன். சொன்னதிலிருந்து அப்பா சும்மா இருக்கவில்லை. லைனில் இருக்கிற பழைய சகாக்களுக்கெல்லாம் தினமும் போன் போடுகிறார். காது கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திப் பேசுகிறார். அவர்களும் பாவம், பங்க் பங்க்காக விசாரித்துச் சொல்கிறார்கள். நேற்று ஒரு பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதின பட்டியலைக் கொடுத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து ஆரம்பிக்கிறது.

'அனந்தபூர் தாண்டி எடது பக்கம் பங்கு. லேடீஸ் பாத்ரூம் இருக்குது. சாவி கல்லாவுல. கர்னூல் ஆத்துப் பாலத்துக்கு முன்ன ஓட்டல், சுத்தம், ராத்திரி 11 வரைக்கும். ஐதராபாத் ரிங்ரோடு ரெண்டு எடம். நிர்மல் தெரியலை, கேட்டுச் சொல்றேன். அடிலாபாத் நிறுத்த வேண்டாம்.'